ஃபிரிட்ஜுக்கு முன்னால் கிடந்த செருப்பு

ராஜேஸ்வரி வருவதற்கு முன்னால் நர்கிஸ் செருப்புகளை ஒளித்துவைத்தாள்.

இரண்டு ஜோடி. ஒன்று சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் கிடப்பது. இன்னொன்று குளியலறை வாசலில் கிடப்பது. இரண்டும் நீல வார் போட்ட ரப்பர் செருப்புகள். பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள். எட்டி நின்று பார்த்தாள். தெரியவில்லை.

அது தொழுகிற வீடு. வருகிறவர்கள் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டின் சமையலறையில் செருப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நர்கிஸ் ஒரு பதில் வைத்திருந்தாள். குதிகால் வலி, டாக்டர் போடச் சொன்னார். உண்மையில் அவள் குதிகாலில் ஒரு குறையும் இல்லை. வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டால் கரண்டு சுர்ரென்று இழுக்கும். குளியலறைக் குழாயும் அப்படித்தான்.

லேசாகத்தான் இழுக்கும் என்பது அந்த வீட்டுப் பேச்சு. அவள் கணவர் சகாபுதீன் சவூதி தம்மாமிலிருந்து விடுமுறைக்கு வந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்வார். பழகிவிட்டது. திருச்சுழிக்காரர்கள் உப்புத் தண்ணீருக்குப் பழகிக்கொண்டதைப் போல.

ஆனால் இன்றைக்கு வருகிற ஆள் பார்த்துவிடக் கூடாது. காரணம் இருந்தது.

நர்கிஸின் மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றிருந்தாள். நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலைப்பிரசவம். நாற்பது நாளும் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. தொட்டில் கட்டியாகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஊற்ற வேண்டிய வெந்நீருக்குக் கீசரும் இருந்தது. அப்போதுதான் துபாயிலிருந்து மருமகன் முகமது ஆசிக் போன் செய்தான்.

"மாமி, லைசென்ஸ் உள்ள ஆளு ஒருத்தவுக வந்து வீட்டு கரண்டு பூராத்தையும் பாக்கட்டும். நானே சொல்லி வச்சிருக்கேன். சரியா இருக்குன்னு அவுக சொன்னா ஜன்னத் அங்க வரட்டும். இல்லாட்டி மல்லாங்கிணத்துக்கு எங்கம்மாகிட்ட போகட்டும்."

அதிர்ந்து பேசாத பிள்ளை. கல்யாணமாகி இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. விருந்துக்கு வந்தபோதுகூட உப்புக் குறைவு என்று சொல்லாமல் சாப்பிட்டவன். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு நிபந்தனை வந்தது நர்கிஸுக்கு முள்ளாகக் குத்தியது. தன் வீட்டில் என்ன குறை கண்டான்? தலைப்பிரசவத்துக்கு மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தெருவில் எப்படி முகத்தைக் காட்டுவது?

ஆகவே செருப்புகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போயின.

வாசல்படியில் மொக்கையன் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. அந்தத் தெருவில் அவன் கை படாத குழாயும் இல்லை, சுவிட்சும் இல்லை. பெருநாளன்று கூப்பிட்டாலும் வருவான். கல்யாண வீட்டில் சீரியல் லைட்டு போடுவதும் அவன், சாவு விழுந்த மையத்து வீட்டில் ஃபேன் கட்டுவதும் அவன். ஷாக் அடிக்கிறது என்று சொன்னவர்களுக்கெல்லாம் அவன் கொடுத்த மருந்து ஒன்றே. "செருப்பப் போட்டுக்கங்க, ஒண்ணும் செய்யாது."

"நான் போட்ட வயர இன்னொருத்தவுக வந்து மார்க்கு போடணுமாக்கா?" என்றான்.

"மாப்ள சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?"

"துபாயில மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க ஒக்காந்துக்கிட்டு இங்க கரண்டப் பாக்குறாராக்கும்."

தெரு முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வந்த ராஜேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை. தோளில் கனமான பை. எம்.ரெட்டியபட்டிக்காரி. டிப்ளமா படித்து, கம்பெனிகளில் வேலை பார்த்து, அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர் என்று ஆசிக் சொல்லியிருந்தான். நர்கிஸ் ஓர் ஆண்பிள்ளையைத்தான் மனதில் வைத்திருந்தாள். ஆசிக் 'அவுக' என்று சொன்னதில் அது தெரியாமல் போய்விட்டது.

மொக்கையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ ரெட்டியபட்டி சங்கையா மகதான? உங்கய்யா பருத்திக்காட்டுல களை வெட்டுன காலத்துலயே நான் கரண்டு வேல பாத்தவன்."

"ஆமாண்ணே. எங்கய்யா வெட்டுன எடத்துல களை மறுபடி மொளைக்காது. நீங்க போட்ட வயரு எப்பிடின்னு பாத்துருவோம்."

நர்கிஸுக்குச் சிரிப்பு வந்தது. முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

ராஜேஸ்வரி வாசல்படியில் நின்று ஷூவைக் கழற்றினாள். பைக்குள்ளிருந்து இன்னொரு ஜோடியை எடுத்தாள். அதன் அடிப்பாகத்தைத் திருப்பி நர்கிஸிடம் காட்டினாள்.

"இது வீட்டுக்குள்ள மட்டும் போடுறதுதான்க்கா. தெருவுல மிதிச்சதே இல்ல. வேலை முடியிற வரைக்கும் போட்டுக்கிறவா?"

ரப்பர் அடி பளிச்சென்று சுத்தமாக இருந்தது. நர்கிஸ் தலையாட்டினாள். கேட்காமல் உள்ளே வந்திருந்தால் ஒரு மாதிரி இருந்திருக்கும். கேட்டது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மீட்டர் பெட்டிக்கு முன்னால் ராஜேஸ்வரி ஒரு ரப்பர் விரிப்பை விரித்தாள். அதன் மேல் ஏறி நின்றாள். டெஸ்டரை எடுத்து முதலில் கரண்டு இருக்கிற பிளக்கில் வைத்தாள். எரிந்தது. மெயினை அணைத்தாள். பெட்டிக்குள் வைத்தாள். எரியவில்லை. அதோடு விடவில்லை. வெளியே மீட்டருக்கு வருகிற கம்பியில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். எரிந்தது.

"எத்தன தடவ அதையே வச்சு வச்சுப் பாப்ப?" என்றான் மொக்கையன்.

"டெஸ்டரு செத்துப் போயிருந்தாலும் எரியாதுல்லண்ணே. கரண்டு இல்லையா, டெஸ்டருக்கு உசுரு இல்லையான்னு தெரியணும்."

பிறகு ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கினாள். பெட்டி மேல் வைக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"ஏன்மா, அதைத் தூக்கிக்கிட்டா போகப்போறோம்?" என்றாள் நர்கிஸ்.

"நீங்க நல்லவுகதான்க்கா. ஆனா திடீர்னு சட்னி அரைக்கணும்னு நெனப்பு வந்துருச்சுன்னா, உள்ள ஒருத்தி கைய விட்டுருக்கான்னு மறந்துரும். அதனால என் உசுரு என் பையிலயே இருக்கட்டும்."

அதைச் சொன்ன விதத்தில் பயமும் இல்லை, பெருமையும் இல்லை. காய் நறுக்குமுன் கத்தியைக் கழுவுகிறவளைப் போல இருந்தாள். நர்கிஸ் அடுப்படி வேலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் ராஜேஸ்வரி குனிந்து பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு பெரிய சுவிட்ச் இருந்தது. கரண்டு எங்காவது கசிந்தால் தானே விழுந்து வீட்டையே அணைத்துவிடுகிற சுவிட்ச். மாடி அறை கட்டியபோது போட்டது. ஆனால் அதற்குள் வயர் போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து நேராக வீட்டுக்குள் போனது.

"இதை யாருண்ணே சுத்திவிட்டது?"

"நான்தான். அது கெட்ட சுவிட்சு. மாட்டுன நாள்லருந்து சும்மா சும்மா விழுந்துச்சு. அக்கா ஒரு குழம்பு வைக்க முடியல. அதான் நேரா குடுத்துட்டேன்."

"ஆமாம்மா," என்றாள் நர்கிஸ். "அத எடுத்த பின்னாலதான் நிம்மதி."

ராஜேஸ்வரி அந்தச் சுவிட்சைக் கழற்றி, தன் கருவியில் மாட்டிப் பார்த்தாள். டப் என்று விழுந்தது. இன்னொரு தடவை. டப்.

"நல்லாத்தான் இருக்கு. இந்த வீட்ல எதையோ பாத்துட்டுக் கத்தியிருக்கு. கத்துறதத் தூக்கி ஓரமா வச்சுட்டீக." நர்கிஸ் பக்கம் திரும்பினாள். "வீட்ல எங்கயாச்சும் ஷாக் அடிக்குதாக்கா?"

"இல்லம்மா."

"லேசாக்கூட?"

"இல்லவே இல்ல."

மொக்கையன் கூரையைப் பார்த்தான். கூரையில் பல்லிகூட இல்லை.

ராஜேஸ்வரி அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு பிளக்கையும் கழற்றினாள். வயரை விரலால் நெருடிப் பார்த்தாள். மாடியில் ஒரு பிளக்கின் உள்ளே கருகியிருந்தது. அதைக் கழற்றிச் சிவப்பு டேப் ஒட்டினாள். ஓரிடத்தில், "இந்த ஜாயிண்டு நல்லா முறுக்கியிருக்கீகண்ணே" என்றாள். மொக்கையன் தோளை நிமிர்த்தினான். அடுத்த அறையில், "இங்க டேப்பே சுத்தல" என்றாள். தோள் இறங்கியது. நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொன்னாள்.

வெயில் ஏறிவிட்டது. வெளியே கரிசல் காட்டிலிருந்து அனல் அடித்தது. அவள் கழுத்தெல்லாம் வேர்வை. ஃபேனும் இல்லாமல் வேலை பார்க்கிறவளைப் பார்க்க நர்கிஸுக்கு மனசு கேட்கவில்லை. ராஜேஸ்வரி ஃபியூஸ் கட்டைகளை மாட்டி, கரண்டைப் போட்டதும், "ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் பாரும்மா" என்று சமையலறைக்குப் போனாள்.

ஃபிரிட்ஜுக்கு முன்னால் போனாள். கால் தானாக ஓரத்தில் கிடந்த சணல் மிதியடியில் ஏறியது. கை தானாக முந்தானையை இழுத்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது. சுற்றிய கையால் கதவைத் திறந்து மோர்ச் சொம்பை எடுத்தாள். முழங்கையால் கதவைச் சாத்தினாள்.

திரும்பினாள். சமையலறை வாசலில் ராஜேஸ்வரி நின்றிருந்தாள்.

"அக்கா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அந்தக் கை எதுக்குத் துணி சுத்திருக்கு?"

நர்கிஸ் தன் கையைப் பார்த்தாள். அது அவள் கைதான். அவள் ஒன்றும் சொல்லாமலிருக்க, அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கையில் சொம்பு சில்லென்று இருந்தது. முகம் சுட்டது.

சொம்பைக் கீழே வைத்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். ஒரு ஜோடியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்கு முன்னால் அதன் இடத்தில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"இன்னொரு ஜோடி குளிக்கிற எடத்துக்கா?" என்றாள் ராஜேஸ்வரி.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இங்க இருந்தா அங்கயும் இருக்கணும்க்கா. வாங்க காட்டுறேன்."

குளியலறையில் வெந்நீர்க் குழாயில் டெஸ்டரை வைத்தாள். உள்ளே சின்னதாகச் சிவப்பு எரிந்தது. கீசரின் சுவிட்சை அணைத்தாள். அப்படியும் எரிந்தது. கீசரின் பிளக்கைத் தொடவில்லை. டெஸ்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, "அண்ணே, சமையக்கட்டுல போயி ஃபிரிட்ஜு பிளக்கப் பிடுங்குங்க" என்று குரல் கொடுத்தாள்.

மொக்கையன் போனான். போகிற வழியில் செருப்பை மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

டெஸ்டரில் வெளிச்சம் செத்தது.

"போடுங்க."

எரிந்தது.

"பிடுங்குங்க."

செத்தது.

நர்கிஸ் குழாயைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கூடம், அதைத் தாண்டிச் சமையலறை. அங்கே இருக்கிற ஃபிரிட்ஜ் இங்கே குழாயில் கடிக்கிறது. பாம்பு ஒரு பொந்தில் இருந்துகொண்டு இன்னொரு பொந்தில் தலை நீட்டுகிற மாதிரி.

"ஃபிரிட்ஜு பழசு. உள்ளருந்து கரண்டு அதோட மேல் தகரத்துக்குக் கசியிது," என்றாள் ராஜேஸ்வரி. "அப்பிடிக் கசிஞ்சா மண்ணுக்குள்ள கொண்டுபோயி விடத்தான் பச்சை வயரு. எர்த்து. எல்லாச் சாமான்லருந்தும் ஒரு பச்சை வயரு போயி ஒண்ணாச் சேரும். இங்க சேந்துதான் இருக்கு. ஆனா மண்ணுக்குப் போகலைன்னு நெனைக்கிறேன். போக வழி இல்லாம வீடு பூராம் சுத்துது. கீசருக்கு வருது, கொழாய்க்கு வருது. வாங்க, பச்சையப் பிடிச்சுக்கிட்டே போவோம்."

பிடித்துக்கொண்டே போனார்கள். கூடத்துச் சுவரோரம், பின்கட்டு, பின்வாசல். வெளியே போர்வெல் போட்டிருந்த இடத்தில் பச்சை வயர் சுவரை விட்டு இறங்கியது. அதன் நுனியில் ஓர் இரும்புப் பட்டை இருந்தது. பட்டை வளையமாக இருந்தது. வளையத்துக்குள் ஒன்றும் இல்லை. காற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

மொக்கையன்தான் பேசினான்.

"இங்க முன்னாடி இரும்புக் கொழாய் இருந்துச்சு," என்றான். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் காலத்துல கொழாயிலதான் எர்த்து கட்டுவோம். உப்புத் தண்ணி இரும்ப அரிச்சிருச்சு. மூணு வருஷத்துக்கு முன்னால நான்தான் வெட்டி எடுத்துட்டு பிளாஸ்டிக் கொழாய் போட்டேன்."

"மூணு வருஷமாத்தான் இழுக்குது," என்றாள் நர்கிஸ்.

இரண்டையும் அவர்கள் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. குழாய் குழாய்தான், கரண்டு கரண்டுதான். புதுக் குழாய் துருப்பிடிக்காது என்று அன்றைக்கு மொக்கையனுக்குப் பாயசம் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"உங்க தப்பு மட்டும் இல்லண்ணே," என்றாள் ராஜேஸ்வரி. "இந்தப் பக்கம் பாதி வீட்ல இதுதான் கதை. தண்ணிக்காகக் கொழாய மாத்துனாக. எர்த்து போச்சுன்னு யாரும் பாக்கல." பட்டையை விட்டாள். அது ஆடியது. "அக்கா, நாளைக்கு உங்க மக இங்க வர முடியாது."

நர்கிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபிரிட்ஜ எடுத்துருவோம்மா. இன்னைக்கே தூக்கி வெளிய போட்டுருவோம். நீ மாப்ளகிட்ட சரின்னு ஒரு வார்த்த சொல்லிரு. தலப்பிரசவம்மா."

"ஃபிரிட்ஜ எடுத்தா நாளைக்கு வாஷிங் மிஷினு கசியும். இல்லாட்டி கீசரே கசியும். வழி இல்லையேக்கா." கையை உதறிக்கொள்ளவில்லை. "பிள்ள பெத்தவளுக்கு எப்பிடி வெந்நி ஊத்துவீக?"

"மணையில ஒக்கார வச்சுத்தான்."

"செருப்புப் போட்டுக்கிட்டா ஒக்காருவாக?"

நர்கிஸுக்குக் குளியலறை கண் முன்னால் வந்தது. ஈரத் தரை. ஈரக் கால். ஒரு கையில் மகளின் தலை, இன்னொரு கை குழாயில். மூன்றாவது நாளில் குழந்தையையும் அதே இடத்தில்தான் கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவாள். அந்தக் காலுக்கு எந்தக் கடையில் செருப்பு விற்கிறது?

பிடித்திருந்த கையை விட்டாள்.

"நானே மாப்ளகிட்ட சொல்றேன்," என்றாள்.

"நான் சொல்லட்டுமாக்கா?"

"வேணாம். ஒளிச்சவ நான்."

கூடத்துக்குப் போய்ப் போன் போட்டாள். ஆசிக் உடனே எடுத்தான். நர்கிஸ் சலாம் சொன்னாள். பிறகு சுற்றி வளைக்கவில்லை. ஃபிரிட்ஜ் இழுக்கும், குழாய் இழுக்கும், மூன்று வருஷமாக இழுக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொடுவோம், இன்றைக்கு அதை ஒளித்து வைத்தேன் என்றாள்.

"தெரியும் மாமி."

"ஜன்னத்து சொன்னாளா?"

"இல்ல. விருந்துக்கு வந்தப்ப குளிக்கப் போனேன்ல. கொழாயத் தொட்டதும் தூக்கிப் போட்டுச்சு. புது மாப்ள, அதப் போயி எப்பிடிச் சொல்றது? பக்கெட்டுல இருந்த தண்ணிய மோந்து ஊத்திக்கிட்டு வந்துட்டேன்."

நர்கிஸ் சுவரில் சாய்ந்தாள். விருந்துக்கு அவன் வந்த அன்று காலையில்தான் குளியலறைச் செருப்பை எடுத்து மறைத்தாள். புது மருமகனுக்குக் கிழிந்த ரப்பர் செருப்பைக் காட்டுவது மரியாதையில்லை என்று. அவன் சொல்லாதது மரியாதைக்காக. அவள் காட்டாததும் மரியாதைக்காக. நடுவில் அல்லா காப்பாற்றியிருக்கிறான்.

"சரி பண்ணட்டும் மாப்ள," என்றாள். "அந்தப் பிள்ள சரின்னு சொல்ற வரைக்கும் ஜன்னத்து மல்லாங்கிணத்துலயே இருக்கட்டும். சம்பந்தி நல்லாப் பாத்துக்குவாக."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பின்கட்டில் மண்வெட்டி சத்தம் கேட்டது. மொக்கையன் யாரும் சொல்லாமலே குழி தோண்ட ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் காலையில் ஜன்னத்தை ஏற்றிக்கொண்டு கார் மல்லாங்கிணறு போனது. நர்கிஸ் ஆஸ்பத்திரி வாசலில் பேத்தியின் நெற்றியை முகர்ந்துவிட்டு, பஸ் பிடித்துத் திருச்சுழிக்குத் திரும்பினாள். தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். "வீட்ல கரண்டு சரியில்ல, பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். குதிகால் வலி என்று சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

பின்கட்டில் குழி அவள் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. மேலே கரிசல் வெடித்துக் கிடந்தது. கீழே இன்னும் காய்ந்த மண். ராஜேஸ்வரி நடுவில் நீளமான குழாயை இறக்கினாள். சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று போடச் சொன்னாள். கரியும் உப்பும் என்றதும் நர்கிஸுக்குத் தெரிந்த சாமானாகப் போயிற்று. தானே முறத்தில் அள்ளிக் கொடுத்தாள்.

குழி மூடியதும் ராஜேஸ்வரி கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கம்பிகள் நட்டு மீட்டரை வைத்தாள். முள் ஆடி நின்றது. அவள் முகம் மாறவில்லை.

"போதாது."

"என்ன போதாது?" மொக்கையனின் உடம்பெல்லாம் மண். "இதுக்கு மேல தோண்டுனா பாதாளம்தான்."

"மண்ணு காஞ்சு கெடக்குண்ணே. இப்பவே முள்ளு சரியா வரல, சித்திரையில பல்லக் காட்டிரும். அந்தப் பக்கம் இன்னொரு குழி போட்டு ரெண்டையும் சேப்போம்."

"உங்கய்யாவே தேவலாம் பிள்ள. அந்தாளு சாயங்காலமான்னா மம்பட்டியக் கீழ வச்சிருவாரு."

"எங்கய்யாவுக்குச் சூரியன் சொல்லும். எனக்கு மீட்டருதான் சொல்லணும். எந்திரிங்க."

மொக்கையன் எழுந்தான். முணுமுணுத்துக்கொண்டேதான். ஆனால் எழுந்தான். ராஜேஸ்வரியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள்.

நர்கிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜேஸ்வரியை யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. முதல் குழியோடு போதும் என்று அவள் சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆசிக்குக்கும் தெரிந்திருக்காது. மண்ணுக்கும் அந்த முள்ளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதற்காக வெயிலில் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும்போதும் ரக்அத்தின் எண்ணிக்கையைக் குறைக்காமல் தொழுகிறவர்களை நர்கிஸ் பார்த்திருக்கிறாள். அவர்கள் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

இரண்டாவது குழிக்குப் பிறகு மீட்டரைப் பார்த்து ராஜேஸ்வரி தலையாட்டினாள். அதன் பிறகு வெள்ளைச் சுவிட்சை அதன் இடத்தில் மாட்டி, கரண்டை அதன் வழியாக விட்டாள்.

"இப்ப ஃபிரிட்ஜ மாட்டுங்கக்கா."

நர்கிஸ் மாட்டினாள். டப். வீடே அணைந்தது.

"பாத்தியா, கெட்ட சுவிட்சுன்னேன்ல," என்று மொக்கையன் இருட்டுக்குள்ளிருந்து சொன்னான். சொல்லி முடித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து கசிகிற பாகத்தை மாற்றினார். ராஜேஸ்வரி மறுபடி வந்தாள். மறுபடி எல்லாப் பிளக்கிலும் கருவியை வைத்தாள். சரி என்று அவளே ஆசிக்கிடம் சொன்னாள். கிளம்பும்போது குழியின் மேல் பதித்திருந்த மூடியைக் காட்டினாள்.

"வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்தணும்க்கா. இந்தக் காட்டுல மண்ணு நம்மள மாதிரிதான். நாக்கு வறண்டா வேலை பாக்காது."

"குடிக்கிற தண்ணிக்கே லாரிய எதிர்பாக்குறோம். குழிக்கு ஒரு கொடமா?" என்றான் மொக்கையன்.

"அரிசி கழுவுன தண்ணி இருக்கு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யிற தண்ணி இருக்கு," என்றாள் நர்கிஸ். "நான் ஊத்திக்கிறேன்."

அந்த வாரமே மொக்கையன் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தான். "நர்கிஸ் அக்கா வீட்ல நான் போட்ட குழியப் போயிப் பாருங்க. மலை மாதிரி நிக்கும் எர்த்து." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்ல இரும்புக் கொழாய மாத்துனேனே, எர்த்து எதுல கட்டிக் கெடக்கு? அந்த ரெட்டியபட்டிப் பிள்ளய ஒருநாளு வரச் சொல்லவா?" என்பான்.

ஜன்னத் வெள்ளிக்கிழமை வந்தாள். தெருவே வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனது. மதியம் தொழுகை முடிந்ததும் நர்கிஸ் குளியலறையில் மணையைப் போட்டாள். கீசரைப் போட்டுச் சூடேறியதும் அணைத்தாள்.

ஜன்னத் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வந்தாள். வாசலில் நின்று வலது காலால் தரையைத் துழாவினாள். கண் வேறெங்கோ இருந்தது, கால் மட்டும் தேடியது.

"அம்மா, செருப்பு எங்க?"

"செருப்பு தெருவாசல்ல கெடக்கும். நீ உள்ள வா."

ஜன்னத் வரவில்லை. குழாயைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

நர்கிஸ் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். ஈரத் தரையில் வெறுங்காலை ஊன்றினாள். பிஸ்மில்லா சொல்லிக் குழாயைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். கையை எடுத்தாள். இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

"வா," என்றாள்.

ஜன்னத் ஈரத்தில் கால் வைத்தாள்.